பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: பெரிய தாக்குதலுக்கு அப்புறம் தலைவருங்க ஏன் பள்ளிவாசலுக்கு போறாங்க?

எங்கயாச்சும் குண்டு வெடிச்சிருச்சு, துப்பாக்கிச் சூடுன்னு நியூஸ் வந்தா நம்ம ஆளுங்க கேக்குற மொத கேள்வி எத்தன பேரு செத்தாங்க, ரெண்டாவது யாரு செஞ்சது, மூணாவது அவன் எந்த மதம். மூணாவதுக்கு பதில் முஸ்லிம்னு வந்துட்டா அதுக்கு மேல யாரும் ஒன்னும் கேக்குறதில்ல, எல்லாமே வெளங்கிருச்சுன்னு அர்த்தம், வாட்சப் குருப்ல ஃபார்வர்ட் மழை ஆரம்பிச்சிரும்.

நான் மலேசியால, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல ஃபாரம் ஃபோர், ஃபாரம் ஃபைவ் பிள்ளைங்களுக்கு ட்யூஷன் எடுக்குறேன், சேஜாரா, அதாவது வரலாறு தான் மெயின், மோரலும் (நன்னெறி) கொஞ்சம் கொஞ்சம். அமெரிக்கா 2001 சம்பவம் பத்தி பேச்சு வந்தப்போ ஒரு பொண்ணு கேட்டுச்சு, "சார், செஞ்சது முஸ்லிம்னா அந்த நாட்டு பிரசிடெண்ட் எதுக்கு சார் பள்ளிவாசலுக்கு போனாரு, செத்தவங்க வீட்டுக்கு தான போகணும்?" செம கேள்வி. கோவத்துல கேக்கல, உண்மையிலேயே புரியாம கேட்டுச்சு. பெரியவங்க பல பேருக்கும் இது புரியாது, கேக்க மாட்டாங்க, அவ்வளவு தான் வித்தியாசம். அதனால தான் அடிப்படையில இருந்து எழுதலாம்னு உக்காந்தேன்.

மொதல்ல இந்தக் கூட்டுப் பழின்னா என்னன்னு பாத்துருவோம். தப்பு செஞ்சவன் ஒருத்தன், இல்ல ஒரு பத்து இருபது பேரு. ஆனா அவனோட பேரு, தாடி, தொப்பி, சாமி கும்புடுற முறை, இதுல ஏதாவது ஒன்னு யாருக்கெல்லாம் ஒத்துப்போகுதோ அவங்க எல்லார் தலையிலயும் அந்தப் பழிய ஏத்தி விடுறது. "அவன்"ல இருந்து "அவனுங்க"ன்னு ஒரே தாவு. இந்தத் தாவல் ஆச்சுன்னா அடுத்தது தானா நடக்கும், கடைய புறக்கணிக்கிறது, பஸ்ல பக்கத்துல உக்காராம நகர்றது, வாடகைக்கு வீடு இல்லன்னு சொல்றது, கல்லெறியறது, கடைசில உயிர் போறது.

முஸ்லிம்களுக்கு மட்டும் தான் இது நடக்குதான்னு கேட்டா, இல்ல. நம்ம ஊரையே எடுத்துக்குங்க. 1948 ஜூன் 16, இதே சுங்கை சிப்புட் பக்கத்துல எல்ஃபில் தோட்டத்துலயும் ஃபின் சூன் தோட்டத்துலயும் மூணு வெள்ளக்கார தொரைங்கள சுட்டுக் கொன்னாங்க. அதுக்கப்புறம் தான் அப்ப ஆண்டுக்கிட்டு இருந்த பிரிட்டிஷ்காரங்க அவசரகாலம் அறிவிச்சாங்க, சேஜாரா புக்குல எல்லாரும் படிச்சிருப்பீங்க. சுட்டவங்க கம்யூனிஸ்ட் ஆளுங்க, ஆனா அடி விழுந்தது காட்டோரம் குடிசை போட்டு காய்கறி பயிர் பண்ணிக்கிட்டு இருந்த சீனங்க மேல. 1950ல பிரிக்ஸ் திட்டம்னு கொண்டு வந்து ஏறக்குறைய 5,00,000 பேர கம்பி வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாத்தினாங்க. தோட்டத்து ஆளுங்களையும் நிறைய எடத்துல லயத்த (தொழிலாளர் வரிசை வீடு) சுத்தி வேலி போட்டு தான் வெச்சாங்க, எங்க தாத்தா காலத்து ஆளுங்க அரிசிய வெளிய கொண்டு போகக் கூடாதுன்னு கேட்டுல சோதன போடுறத பத்தி கத கதயா சொல்லுவாங்க. 1952ல தஞ்சோங் மாலிம் பக்கத்துல ஒரு தாக்குதல்ல 12 பேரு செத்ததும், பிரிட்டிஷ் ஹைகமிஷனர் டெம்ப்ளர் துரை என்ன பண்ணாரு தெரியுமா, டவுன்ல இருக்குற அத்தன பேருக்கும் நாளைக்கு 22 மணி நேரம் ஊரடங்கு போட்டு அரிசி ரேஷனையும் கொறச்சிட்டாரு. பால்குடிக்கிற கொழந்தைக்கும் சேத்து தான் தண்டன. ஒரு ஆட்சியாளர் "செஞ்சவன் வேற, ஊரு வேற"ன்னு பிரிக்க மறுத்தா அது எப்பிடி இருக்கும்னு பாக்க வெளிநாட்டுக்கு போக வேண்டியதில்ல, ஹைவேல ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஓட்டுனா போதும்.

இப்ப அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்கு வருவோம்.

2001 செப்டம்பர் 11, நியூயார்க்ல ரெட்டக் கோபுரம், வாஷிங்டன் பக்கத்துல பெண்டகன், ஏறக்குறைய 3,000 பேரு செத்தாங்க. விமானத்த கடத்துன 19 பேரும் அல் காயிதா ஆளுங்க. நாலே நாள்ல, செப்டம்பர் 15, அரிசோனா மாநிலத்துல மேசாங்கிற ஊர்ல ஒரு பெட்ரோல் ஸ்டேஷன் மொதலாளிய ஒருத்தன் சுட்டுக் கொன்னான். தன்னோட ஸ்டேஷன் வாசல்ல பூச்செடி நட்டுக்கிட்டு இருந்த மனுஷன். தலப்பாகையும் தாடியும் பாத்து சுட்டான். செத்தவரு முஸ்லிமே இல்ல, சீக்கியரு. இத நான் பிள்ளைங்களுக்கு சொல்றப்போ ஒருத்தராச்சும் "ஐயோ, தப்பான ஆள சுட்டுட்டானே"ன்னு சொல்லுவாங்க. அங்க தான் நிறுத்தி கேக்கணும், அப்ப சரியான ஆளுன்னு யாரு இருக்காங்க? அதே வாசல்ல ஒரு முஸ்லிம் பூச்செடி நட்டுக்கிட்டு இருந்திருந்தா சுட்டது சரியாயிருமா?

அமெரிக்க மத்திய போலீஸ் எப்.பி.ஐ.யோட கணக்கு ஒன்னு இருக்கு. முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றம் 2000ம் வருஷம் 28 பதிவாச்சு, 2001ல 481. பதிவானது மட்டும் தான் இது, போலீஸ் கிட்ட போகாதது எவ்வளவோ. வருஷத்தோட கடைசி மூணர மாசம் தான் இந்த எண்ணிக்கைய தூக்கிக்கிட்டு போச்சு.

இந்த நெலமைல தான் அப்ப பிரசிடெண்டா இருந்த ஜார்ஜ் புஷ் செப்டம்பர் 17, திங்கக்கெழம, சம்பவம் நடந்து ஆறாவது நாள், வாஷிங்டன் இஸ்லாமிய மையத்துக்கு போறாரு. (செத்த எடத்துக்கு போகலன்னு இல்ல, அதுக்கு மூணு நாள் முன்னாடியே நியூயார்க் இடிபாட்டுல நின்னு பேசிட்டாரு.) அங்க போயி பயங்கரவாதத்தோட முகம் இஸ்லாத்தோட உண்மையான நம்பிக்கை இல்லன்னு சொன்னாரு, குர்ஆன்ல இருந்து ஒரு வரி எடுத்து பேசினாரு, அமெரிக்க முஸ்லிம்கள் டாக்டரா இருக்காங்க, வக்கீலா இருக்காங்க, பட்டாளத்துல இருக்காங்க, கட வெச்சிருக்காங்க, அப்பா அம்மாவா இருக்காங்கன்னு அடுக்கினாரு. இந்த அடுக்கு ஏதோ சும்மா சொன்ன மாதிரி இருக்கும், ஆனா அதுல வேல இருக்கு. "அவனுங்க"ன்னு ஒரே கட்டியா ஒறஞ்சு போயிருக்கிறத மறுபடி ஒடச்சு மனுஷனா மனுஷனா பிரிச்சுக் காட்டுறது. எனக்கு அதுல ரொம்ப முக்கியமா பட்டது இன்னொரு எடம். தலைல துணி போட்ட பொம்பளைங்க வீட்ட விட்டு வெளிய வர பயப்படுறாங்கன்னு கேள்விப்பட்டேன், அது நான் அறிஞ்ச அமெரிக்கா இல்ல, இருக்கவும் கூடாதுங்கிற மாதிரி பேசினாரு. அதாவது மதத்த பத்தி பெரிய தத்துவம் பேசுறத விட, சாமான் வாங்க கடைக்கு போற ஒரு அம்மாவுக்கு என்ன நடக்குதுங்கிற அளவுக்கு கீழ எறங்கி வந்து பேசினாரு.

இந்த மாதிரி பேச்சு யாருக்கு? முஸ்லிம்களுக்கு ஆறுதல் சொல்லத்தான்னு நெனப்போம். அது பாதி தான். மீதிப் பாதி, என்னைக் கேட்டா பெரிய பாதி, கோவத்துல இருக்குற தன்னோட ஆளுங்களுக்கு. புஷ்ஷுக்கு ஓட்டு போட்டவங்கள்ல கொந்தளிச்சுக்கிட்டு இருந்தவங்க கம்மி இல்ல. அவங்களுக்கு அவரு "நம்ம எதிரி இவங்க இல்ல"ன்னு சொல்றாரு. எதிர்க்கட்சிக்காரன் சொல்லியிருந்தா திட்டிட்டு போயிருப்பாங்க. அவங்க ஆளே சொல்றப்போ திட்டவும் முடியாது, கேக்காமலும் இருக்க முடியாது. இதுக்கு அரசியல்ல செலவு இருக்கு, சும்மா கெடைக்கிற கைதட்டு இல்ல. அதனால ஒரு தலைவரோட பேச்ச எட போடணும்னா நான் மொதல்ல பாக்குறது, இத யார் முன்னாடி பேசினாரு, அங்க இருந்தவங்களுக்கு இது கசந்துச்சா இனிச்சுச்சா.

அப்புறம் நேரம். சம்பவம் நடந்த மொத வாரம் ஜனங்க மனசு ஈர சிமெண்ட் மாதிரி, அதுல யாரு மொதல்ல கால் வெக்கிறாங்களோ அந்தத் தடம் தான் அப்பிடியே காஞ்சு நிக்கும். ஆறு மாசம் கழிச்சு கமிட்டி போட்டு அறிக்க விடுறதுக்கெல்லாம் அந்த வேகம் கெடையாது.

ஒரு சின்ன உள்கத இருக்கு, சேஜாரா பிள்ளைங்களுக்கு இது ரொம்ப புடிக்கும். புஷ்ஷோட அமைச்சரவைல போக்குவரத்து அமைச்சரா இருந்தவரு நார்மன் மினெட்டா, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். 1941 டிசம்பர்ல ஜப்பான் பேர்ல் ஹார்பர்ல குண்டு போட்டுச்சு, அடுத்த 1942 பிப்ரவரில ரூஸ்வெல்ட் ஒரு உத்தரவு போட்டு, அமெரிக்காலயே பொறந்து வளந்த ஜப்பானியங்களையும் சேத்து ஏறக்குறைய 1,20,000 பேர முகாம்ல அடைச்சாரு. மினெட்டா அப்ப சின்னப் பையன், வயோமிங் மாநிலத்துல ஹார்ட் மவுண்டன்ங்கிற முகாம்ல இருந்தாரு. 2001 செப்டம்பர்ல அமைச்சரவைக் கூட்டத்துல, நம்ம நாட்டு அரபு முஸ்லிம் மக்கள பத்தி பயமா இருக்குன்னு பேச்சு வந்தப்போ, 1942ல நார்மனுக்கு நடந்தது மறுபடி நடக்கக் கூடாதுன்னு புஷ் சொன்னதா மினெட்டா பல தடவ சொல்லியிருக்காரு. முகாம்ல அடைச்சதுக்கு அமெரிக்கா சட்டம் போட்டு மன்னிப்பு கேட்டது 1988ல, ஆளுக்கு 20,000 டாலர் குடுத்து. 46 வருஷம். அதுக்குள்ள நிறைய பேரு போய்ச் சேந்துட்டாங்க.

ஆனா புஷ்ஷ தலைல தூக்கி வெச்சு ஆடவும் வேணாம். பள்ளிவாசலுக்கு போறதுக்கு மொத நாள் தான் இந்தப் போர "சிலுவைப் போர்"னு சொல்லி வாய விட்டாரு, உலகத்துல பாதி பேரு பதறிப் போனாங்க. அதுக்கப்புறம் என்ன செஞ்சாருங்கிறத கடைசில சொல்றேன், அது இல்லாம இந்தக் கத முடியாது.

இதே மாதிரி 2005 ஜூலைல லண்டன் ரயில், பஸ் குண்டுவெடிப்புல 52 பேரு செத்த அன்னிக்கே அப்ப பிரிட்டன் பிரதமரா இருந்த டோனி பிளேர், பெரும்பாலான முஸ்லிம்கள் சட்டத்த மதிக்கிற நல்ல மனுஷங்கன்னு சொன்னாரு. நார்வேல 2011 ஜூலை 22 குண்டும் துப்பாக்கியுமா 77 பேர கொன்னப்போ மொத சில மணி நேரம் உலகம் பூரா இது இஸ்லாமிய தீவிரவாதம் தான்னு டிவில உக்காந்து பேசினாங்க, கடைசில பாத்தா கொன்னவன் முஸ்லிம்கள வெறுக்கிற ஒரு நார்வேக்காரன். பிரதமர் ஸ்டோல்டன்பர்க் இதுக்கு நம்ம பதில் இன்னும் கூட ஜனநாயகம், இன்னும் கூட மனிதத்தன்மன்னு பேசினாரு. பழிவாங்குறதப் பத்தி ஒரு வார்த்த இல்ல.

நியூசிலாந்து கொஞ்சம் வேற மாதிரி

அங்க செத்தவங்களே முஸ்லிம்கள். 2019 மார்ச் 15, வெள்ளிக்கெழம ஜும்மா நேரம், கிறைஸ்ட்சர்ச்ல அந்நூர் பள்ளிவாசல், லின்வுட் இஸ்லாமிய மையம், ரெண்டு எடத்துலயும் சேத்து 51 பேரு. அதுல நம்ம மலேசியாவ சேந்த 17 வயசு பையன் ஒருத்தனும் உண்டு, அந்த வாரம் இங்க மாமாக் கடைல (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கட) டிவி முன்னாடி யாருமே பேசல.

அப்ப நியூசிலாந்து பிரதமரா இருந்த ஜெசிண்டா ஆர்டர்ன் அன்னிக்கே "அவங்க நாம தான்"னு சொன்னாங்க. இதோட சூட்சுமம் என்னன்னா, அந்த 51 பேர்ல நிறைய பேரு குடியேறி வந்தவங்க, அகதியா வந்தவங்க. "பாவம், விருந்தாளிங்களுக்கு இப்பிடி ஆயிருச்சே"ன்னு அனுதாபம் சொல்லியிருந்தாலும் நல்ல பேரு தான் வாங்கியிருப்பாங்க. ஆனா அனுதாபத்துல கூட ஒரு கோடு இருக்கு, நீ அந்தப் பக்கம் நான் இந்தப் பக்கம்னு. அந்தக் கோட்ட அவங்க அழிச்சிட்டாங்க. மறுநாளு தலைல துணி போட்டுக்கிட்டு குடும்பங்கள போயி பாத்தாங்க. மார்ச் 19 நாடாளுமன்றத்துல சலாம் சொல்லி ஆரம்பிச்சாங்க, கொன்னவன் பேர நான் சொல்லவே மாட்டேன், செத்தவங்க பேர சொல்லுங்கன்னு சொன்னாங்க. அவனுக்கு பேரும் புகழும் தான் வேணும், அத குடுக்கக் கூடாதுங்கிற கணக்கு. அமெரிக்கா என்ன உதவி செய்யணும்னு டிரம்ப் போன்ல கேட்டதுக்கு, எல்லா முஸ்லிம் சமூகத்துக்கும் அனுதாபத்தையும் அன்பையும் காட்டுங்கன்னு பதில் சொன்னேன்னு பத்திரிகைக்காரங்க கிட்ட சொன்னாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி முஸ்லிம்களையே நாட்டுக்குள்ள விடக் கூடாதுன்னு பேசின ஆளு கிட்ட! அடுத்த வெள்ளிக்கெழம நாடு பூரா டிவிலயும் ரேடியோலயும் பாங்கு ஒலிச்சுச்சு. நாலு வாரம் முடியறதுக்குள்ள, ஏப்ரல் 10ம் தேதி, பட்டாளத்து பாணி துப்பாக்கிகள தட பண்ற சட்டம் 119க்கு 1னு நிறைவேறிச்சு.

இது புஷ் கதையோட எதிர்ப் பக்கம். அங்க முஸ்லிம் பேர சொல்லி செஞ்சவனோட பழி முஸ்லிம் மேல விழாம தடுக்கணும், இங்க முஸ்லிம் வெறுப்பே கொலைய செஞ்சிருக்கு, அந்த வெறுப்ப பேர் சொல்லி கண்டிக்கணும். ரெண்டுலயும் தலைவர் செய்ற வேல ஒன்னு தான்.

நம்ம மொழி பேசுற எடத்துல என்ன நடந்துச்சு

வெளிநாட்டு வெள்ளக்காரங்கள பத்தியே பேசிட்டு போயிரக் கூடாது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயித்துக்கெழம, இலங்கைல மூணு சர்ச்சு, மூணு பெரிய ஹோட்டல், 250 பேருக்கு மேல. அதுல மட்டக்களப்பு சீயோன் சர்ச்சு தமிழங்க சர்ச்சு, செத்ததுல பிள்ளைங்க நிறைய. முஸ்லிம் உலமா சபை குண்டு வெச்சவனுங்க ஒடம்ப எங்க மையவாடில பொதைக்க விட மாட்டோம்னு அறிவிச்சாங்க. அத விட தெளிவா ஒரு சமூகம் என்ன சொல்ல முடியும்? ஆனா மூணே வாரத்துல குருநாகல், கம்பகா, புத்தளம் பக்கம் முஸ்லிம் கடைங்க, வீடுங்க, பள்ளிவாசலுங்க மேல கும்பல் பாஞ்சிருச்சு. அந்த நேரத்துல ஜனாதிபதி சிறிசேன செஞ்ச காரியம், முஸ்லிம்களுக்கு எதிரா பேசியே பேரு வாங்கின புத்த பிக்கு ஞானசார தேரர பொது மன்னிப்பு குடுத்து ஜெயில்ல இருந்து வெளிய விட்டது. கோர்ட்ட அவமதிச்ச வழக்குல தான் உள்ள இருந்தாரு, ஆனா எந்த மாசத்துல வெளிய விடுறோம்ங்கிறதும் ஒரு பேச்சு தான. வாயால ஒன்னும் சொல்லாமயே சொல்லியாச்சு. ஜூன் 3ம் தேதி, பதவில இருந்த ஒம்போது முஸ்லிம் அமைச்சருங்களும் மொத்தமா ராஜினாமா பண்ணாங்க.

தமிழங்க இத படிச்சிட்டு சிங்களவனுங்க அப்பிடித்தான்னு சொல்லிட்டு நகர்ந்துறலாம்னு நெனச்சா, 1990 அக்டோபர் இருக்கு. விடுதலைப் புலிகள் வட மாகாணத்துல இருந்த முஸ்லிம்கள ஏறக்குறைய 70,000 பேர வெளியேத்துனாங்க, யாழ்ப்பாணத்துல குடுத்த டைம் ரெண்டு மணி நேரம். அவங்களும் தமிழ் தான் பேசுனாங்க. கிழக்குல நடந்த சண்டைக்கு வடக்குல துணி மடிச்சு வெச்சுக்கிட்டு இருந்த குடும்பம் என்ன பண்ணும்.

இந்தியாவ பாத்தா 1948 ஜனவரி 30 காந்திய சுட்ட அன்னிக்கு, ரேடியோல கொன்னவன் இந்துன்னு தெளிவா அறிவிச்சாங்க. ஏன்னா முஸ்லிம் தான் கொன்னான்னு ஒரு வதந்தி கெளம்புனா பிரிவினை நடந்து ஆறு மாசம் கூட ஆகாத நாட்டுல எத்தன ஊரு எரிஞ்சிருக்கும்னு நெனச்சுப் பாருங்க. அந்த ஒரு வரி அறிவிப்பு எத்தன உயிர காப்பாத்துச்சோ. ஆனா பழிங்கிறது எங்கயாச்சும் போயி எறங்கணுமே, கோட்சே எந்த சாதின்னு தெரிஞ்சதும் மகாராஷ்டிரால அந்த சித்பவன் பிராமணங்க வீடுங்கள கொளுத்துனாங்க. மதம்னு ஒரு கதவ மூடினா சாதின்னு இன்னொரு கதவு. 1984ல இந்திரா காந்திய அவரோட சீக்கிய மெய்க்காவலருங்க ரெண்டு பேரு சுட்டதுக்கு டில்லில மட்டும் அரசாங்கக் கணக்குப்படி 2,733 சீக்கியங்க செத்தாங்க. அதுக்கப்புறம் ராஜீவ் காந்தி ஒரு கூட்டத்துல, பெரிய மரம் சாஞ்சா பூமி கொஞ்சம் அதிரத்தான் செய்யும்னு பேசினாரு. தலைவரோட வாயி எவ்வளவு தூரம் கெடுக்க முடியும்ங்கிறதுக்கு இது போதும், அவரு யாரையும் அடின்னு சொல்லல, அடிச்சது இயற்க தான்னு சொல்லிட்டாரு.

குண்டு வெடிச்சா தான் துயரம்னு இல்ல. கொரோனா வந்தப்போ 2020 மார்ச்ல டில்லி நிஜாமுதீன்ல நடந்த தப்லீக் (முஸ்லிம் மதப் பிரசார அமைப்பு) கூட்டத்துக்கு போயி வந்தவங்களுக்கு தொற்றுன்னதும், முஸ்லிம்கள் வேணும்னே பரப்புறாங்கன்னு வீடியோ வீடியோவா வந்துச்சு, தமிழ்நாட்டுல தயாரான ஃபார்வர்ட் இங்க எங்க தோட்டத்து கோயில் குருப்புக்கே வந்துச்சு. நம்ம நாட்டுலயும் கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங்ல நடந்த தப்லீக் கூட்டம் பெரிய கிளஸ்டர் ஆச்சா, சொல்லவா வேணும், ரெண்டையும் சேத்து கொழப்பி அடிச்சாங்க. காய்கறி மேல துப்புறாங்கன்னு ஒரு வீடியோ, அத பாத்துட்டு இங்க ஒரு அக்கா இருபது வருஷமா வாங்குற பாய் கடைல வாங்கவே யோசிச்சாங்க. தமிழ்நாட்டு முதல்வரா இருந்த எடப்பாடி பழனிசாமி, இந்த நோய்க்கு மதச்சாயம் பூசாதீங்கன்னு வெளிப்படையா கேட்டுக்கிட்டாரு. அப்ப அவரு கட்சி பாஜக கூட்டணில இருந்துச்சு, அதனால தான் இத குறிப்பா சொல்றேன். அதே வருஷம் ஆகஸ்ட்ல பம்பாய் ஹைகோர்ட்டோட அவுரங்காபாத் பெஞ்ச், அந்தக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரங்கள பலிகடா ஆக்கிட்டாங்கன்னு தீர்ப்புல எழுதுனாங்க. தீர்ப்பு வந்தது ஆகஸ்ட்டுல, வீடியோ வந்தது ஏப்ரல்ல. அந்த வீடியோவ அனுப்புனவங்க யாரும் தீர்ப்ப அனுப்பி நான் பாக்கல.

இங்க ஒரு சந்தேகம் வரும், "சார் நம்ம நாட்டுல அவங்க தான மெஜாரிட்டி, நாம தான பயந்து வாழுறோம், இதெல்லாம் எதுக்கு நமக்கு?" நியாயமான கேள்வி தான். மலேசியால தோட்டத்து தமிழன் முஸ்லிம்கள என்ன பண்ணிற முடியும்னு தோணும். ஆனா தோட்டத்துல இப்ப செம்பனை வெட்டுறது யாரு, வங்காளதேசத்து பசங்க, இந்தோனேசியா ஆளுங்க, முக்காவாசி முஸ்லிம். ஏதாச்சும் ஒரு திருட்டுன்னா மொதல்ல யாரோட ரூம தட்டுறாங்கன்னு தோட்டத்துல இருக்குறவங்களுக்கு தெரியும். நாமளும் ஒரு எடத்துல மெஜாரிட்டி தான்.

அப்புறம் திருப்பிப் போட்டு பாருங்க. 2018 நவம்பர் 26, சுபாங் ஜெயா சீஃபீல்டு மாரியம்மன் கோயில் கலவரம். அதுவும் நம்ம மாதிரி தோட்டத்து கோயில் தான், தோட்டம் போயி டவுன் வந்து நெலத் தகராறுல மாட்டிக்கிட்ட கோயில். அந்தக் கலவரத்துல ஒரு தீயணைப்பு வீரர், 24 வயசு மலாய் பையன், படுகாயம் பட்டு டிசம்பர் 17 இறந்துட்டாரு. அந்த மூணு வாரமும் அதுக்கப்புறமும் சமூக ஊடகத்துல இந்தியங்கன்னு மொத்தமா திட்டி வந்தது எவ்வளவுன்னு நெனவு இருக்கும். இந்தப் பக்கம் பேராக்ல லயத்துல உக்காந்து ரொட்டிக்கு மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்தவங்களுக்கும் சேத்து தான் திட்டு. அப்ப உள்துறை அமைச்சரா இருந்த முகைதீன் யாசின், இது இனக் கலவரம் இல்லன்னு ஆரம்பத்துலயே சொன்னாரு. அவரு அத ஆங்கிலத்துலயோ தமிழ் பத்திரிகைக்கோ மட்டும் சொல்லியிருந்தா பிரயோஜனம் இல்ல, மலாய் ஜனங்க கேக்குற மாதிரி சொன்னதுல தான் விஷயம். அவர பல விஷயத்துல எனக்கு புடிக்காது, அது வேற.

தலைவருங்க பேச்சுல ரெண்டு பொறி

நல்ல எண்ணத்தோட பேசுனாலும் மாட்டிக்கிற எடம் இருக்கு. ஒன்னு, "நல்ல முஸ்லிம்கள் இத கண்டிக்கணும்"னு சொல்றது. 2015 டிசம்பர் 2 கலிபோர்னியா சான் பெர்னார்டினோல 14 பேர சுட்டுக் கொன்னப்போ, ஒபாமா நாலு நாள் கழிச்சு நாட்டுக்கு பேசுனாரு. முஸ்லிம்கள ஒதுக்காதீங்கன்னு சொன்னாரு, அதே பேச்சுல இந்த தீவிரவாதக் கருத்த எதிர்க்கிற பொறுப்பு முஸ்லிம்களுக்கு இருக்குன்னும் சொன்னாரு. மறுநாளே டிரம்ப் முஸ்லிம்கள நாட்டுக்குள்ளயே விடக் கூடாதுன்னு அறிக்க விட்டதால ஒபாமா பேசுனது தேவல ஆயிருச்சு, ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாத்தா, யாரோ ஒரு கிறுக்கன் செஞ்சதுக்கு ஒரு டாக்டரு, ஒரு லாரி டிரைவரு, ஒரு ஸ்கூல் பிள்ளைலாம் ஏன் கை தூக்கி "நான் இல்ல, நான் இல்ல"ன்னு சொல்லணும்? சிலாங்கூர்ல ஒரு தமிழன் பேங்க்ல கொள்ளையடிச்சா, சுங்கை சிப்புட் தமிழன் கண்டன அறிக்க விடணுமா? ஒபாமா அளவுக்கு கவனமா பேசுறவருக்கே இந்த எடம் வழுக்குது.

ரெண்டாவது, "நாங்க முஸ்லிம் இல்ல"ன்னு தப்பிக்கிறது. 2008 தேர்தல்ல ஒபாமாவ முஸ்லிம்னு வதந்தி கெளப்பினாங்க, எல்லாரும் இல்ல இல்ல அவரு கிறிஸ்தவர்னு மறுத்துக்கிட்டு இருந்தாங்க. காலின் பவல் தான், அவரு குடியரசுக் கட்சிக்காரரு, எதிர்க்கட்சி, டிவில உக்காந்து, அவரு முஸ்லிம் இல்ல, அது சரி, ஆனா முஸ்லிமாவே இருந்தா தான் என்ன, அதுல என்ன தப்புன்னு கேட்டாரு. நம்ம பசங்க ஆஸ்திரேலியா, இங்கிலாந்துன்னு படிக்க போறப்போ கருப்பா தாடியோட இருக்கிறதால எவனாச்சும் தெருவுல திட்டுனா, வாயில மொதல்ல வர்றது "அண்ணே நான் ஹிந்து"ங்கிறது தான். அந்த நிமிஷத்துல தப்பிக்க எதுவும் சொல்லலாம், உயிர் முக்கியம், அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு அர்த்தம் "நான் இல்ல, அடுத்த ஆள அடி"ன்னு தான் ஆகுது. அமெரிக்கால நிறைய சீக்கிய அமைப்புங்க, அவங்களே அடி வாங்குனவங்க, "நாங்க முஸ்லிம் இல்ல"ங்கிற வாதத்த வேணும்னே தவிர்த்து, யாரையும் அடிக்கக் கூடாதுன்னு தான் பேசுனாங்க.

பேச்சு மட்டும் போதுமான்னா போதாது. 2001ல 481ஆ இருந்த அந்த எண்ணிக்க 2002ல 155ஆ எறங்கிச்சு, ஆனா பழைய 28க்கு திரும்பவே இல்ல. எறங்குனதுக்கு புஷ் பேச்சு மட்டும் தான் காரணம்னு யாரும் அடிச்சு சொல்ல முடியாது, காலம் போனதும் ஒரு காரணம். நியூசிலாந்துலயும் 2020 டிசம்பர்ல வந்த விசாரணைக் கமிஷன் அறிக்க, உளவுத்துற இஸ்லாமிய தீவிரவாதத்த மட்டுமே பாத்துக்கிட்டு வேற பக்கம் அளவுக்கு தகுந்த கவனம் வெக்கலன்னு சொல்லுச்சு, முஸ்லிம் பொம்பளைங்க அமைப்பு ஒன்னு சம்பவத்துக்கு ரொம்ப முன்னாடியே எங்களுக்கு மிரட்டல் வருதுன்னு அரசாங்கத்து கதவ தட்டிக்கிட்டே இருந்துருக்காங்க. ஆர்டர்ன் அதுக்கு மன்னிப்பு கேட்டாங்க. அதாவது தலைல துணி போட்டு கட்டிப்புடிச்சது உண்மையான அன்பு தான், அதே அரசாங்கத்தோட ஆபீஸ்ல அந்த பொம்பளைங்க சொன்னத கேக்க ஆளு இல்லாததும் உண்ம தான்.

புஷ் விஷயத்துக்கு வர்றேன்னு சொன்னேன்ல. பள்ளிவாசல்ல பேசி ஒரு வருஷத்துக்குள்ள, அவரு அரசாங்கம் ஒரு ரெஜிஸ்டர் திட்டம் கொண்டு வந்துச்சு. 25 நாட்ட சேந்த வெளிநாட்டு ஆம்பளைங்க, 16 வயசுக்கு மேல, ஆபீஸுக்கு நேர்ல வந்து பேரு பதிஞ்சு, கைரேக குடுத்து, கேள்விக்கு பதில் சொல்லணும். அந்த 25ல வட கொரியா ஒன்ன தவிர மத்தது பூரா முஸ்லிம்கள் பெரும்பான்மையா இருக்குற நாடு. 80,000 பேருக்கு மேல போயி வரிசைல நின்னாங்க, அதுல பல பேரு விசா தேதி தாண்டிப் போச்சுன்னு அங்கயே மாட்டிக்கிட்டாங்க. 2011ல தான் அத நிறுத்தி வெச்சாங்க, சட்டத்துல இருந்தே தூக்குனது 2016 டிசம்பர்ல, ஒபாமா பதவி எறங்க ஒரு மாசம் இருக்கிறப்போ, அடுத்து வர்றவரு கைல அது ரெடியா இருந்துறக் கூடாதுன்னு.